பாஸ்கு வரைக்கும்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது. போன வாரம் மருமகள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். ஓட்டல் குருமாவை வீட்டிலேயே, உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் செய்வது எப்படி என்று ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "புதுசு புதுசா கண்டுபிடிக்கறாங்க அத்தை" என்றாள் மருமகள். அந்தக் குருமாவை என் அம்மா அறுபதுகளின் தொடக்கத்திலேயே செய்துவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. அப்பாவின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அப்பா பஸ் டிரைவர். சேலத்தில் கிளம்பி ராசிபுரம் வழியாக நாமக்கல் போய்த் திரும்பும் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டினார். அன்றைக்கு டிரைவருக்கு இருந்த மரியாதை நமக்குத்தான் தெரியும். எந்த ஓட்டல் வாசலில் அவர் பிரேக் போடுகிறாரோ, அங்கேதான் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கிச் சாப்பிடுவார்கள். அதனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே சாப்பாடு சும்மா. சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஏனோதானோ என்று போட்டுவிட மாட்டார்கள். ராசிபுரத்துக்கு அப்பால் புளியமரத்தடியில் இருந்த ஓட்டலில் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பரிமாறுகிற ஆளை விலக்கிவிட்டு ஓட்டல்காரரே வாளியும் கரண்டியுமாக வருவார். அடியில் தங்கிய கெட்டிக் குருமாவைத் துழாவி எடுத்து, மேலே மிதக்கும் எண்ணெயிலும் ஒரு கரண்டி சேர்த்து இலையில் ஊற்றுவார். அப்பா வீடு திரும்பும்போது அவருடைய காக்கிச் சட்டையில் டீசலும் சோம்பும் கலந்து மணக்கும். எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை.

அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது. அவள் எதைச் செய்து போட்டாலும் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது புள்ள. ஆனா ஓட்டல் குருமா மாதிரி வருமா?" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். இன்றைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்பார். அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பாள்.

அம்மாபேட்டையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் தறி ஓடும். அந்தத் தெருவில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள் ஒரு குடும்பம்தான். பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை நன்மை என்போம், எனக்கு முதன்முதலாக அந்தப் புது நன்மை கொடுத்திருந்த சமயம் அது. தை மாசம் முடிகிற நேரத்தில் ஒரு காலை, அப்பா முகம் கழுவக் குனிந்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக வரவில்லை, குழாயைத் திறந்த மாதிரி வந்தது. துவைத்துக் காயப்போட்டிருந்த துண்டு முழுக்க நனைந்து, பக்கத்து வீட்டு நெசவுக்கார அக்கா ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றி, அதற்கு அப்புறம்தான் நின்றது. அப்பா எழுந்து, "உஷ்ணம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

அம்மா விடவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி, பல்பை அழுத்தி, பாதரசம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அழுத்திப் பார்த்தார். உப்பை விடவேண்டும், ஓட்டலை விடவேண்டும் என்றார். அப்பா சிரித்தார். "உப்பில்லாம ஆராச்சும் திம்பாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, டிரிப்புக்கு நேரமாகிறது என்று சட்டைக் கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். நான் எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தேன்.

"அவர் சிரிக்கிறார். உங்களுக்குச் சொல்றேன். இது ரத்தக் கொதிப்பு. கொஞ்ச நாள் பத்தியம் இருந்தாப் போயிடும்னு நெனைக்காதீங்க. ஆயுசு முழுக்க உப்பு கூடாது. ஓட்டல் சாப்பாடு கூடவே கூடாது. கேக்கலைன்னா ஒரு நாளைக்கு ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே விழுவார். பின்னாடி உக்காந்திருக்கற ஜனமும் சேர்ந்து போகும்."

நான் ஆடுவதை நிறுத்தினேன். வெளியே வந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தோலில் பதிந்தது. "உள்ள கேட்டது உன்னோட இருக்கோணும் சாமி. அப்பாகிட்ட மூச்சு உடக்கூடாது. அவரு இதையும் ஊரெல்லாஞ் சொல்லிச் சிரிப்பாரு. முதலாளி காதுல உழுந்தா வண்டியத் தொடவே உடமாட்டாரு" என்றாள்.

அப்பா டாக்டருக்குப் பயப்படுகிறவர் இல்லை. ஆனால் சாமியிடம் சொன்ன சொல்லை மட்டும் மாற்றமாட்டார். எங்களுக்கு விபூதிப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம். ஈஸ்டரை நாங்கள் பாஸ்கு என்போம். அந்த நாற்பது நாளும் அவரவருக்குப் பிரியமான ஒன்றைச் சாமிக்கென்று விட்டுவிடுவது வழக்கம். முந்தின வருஷம் அப்பா பீடியை விட்டார். கண்டக்டர் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டினாலும் வாங்கமாட்டார். பாஸ்கு அன்று பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டிய மறுநிமிஷம் ஒரு பீடியைப் பற்றவைத்தார். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அம்மா.

அந்த வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின சாயங்காலம், அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எனக்கு மனசுல ஒண்ணு தோணுது. இந்தத் தபசுக்கு உப்பையும் ஓட்டல் சாப்பாட்டையும் சாமிக்கு ஒப்புக்குடுத்துருங்க. அந்த ரத்தத்தைப் பாத்ததுல இருந்து எனக்குப் பயமா இருக்குதுங்க."

அப்பா யோசித்தார். அவருக்குக் கஷ்டமான நேர்த்தி என்றால் ஒரு வீம்பு வரும்.

"எதுவரைக்கும்?"

"பாஸ்கு வரைக்கும்தானுங்க."

அப்பா சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் கொல்லைப்புறம் போய்விட்டேன். அம்மாவுக்கு அதற்குமேல் யோசனை போகவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கையில் கிடைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அது எங்கே அறுந்திருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாளே அடுப்படியிலிருந்து உப்பு ஜாடி போய்விட்டது. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக, மூடியில் ஒரு மூலை உடைந்த ஜாடி அது. அம்மா அதைக் கல்லுப்போடு நெசவுக்கார அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அந்த முதல் வாரத்துச் சோற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கோணுகிறது. பருப்பு மண்ணாக இருந்தது. ரசம் கஷாயமாக இருந்தது. நான் கோலி விளையாடுகிற சாக்கில் அக்கா வீட்டுக்குள் போய், ஜாடியில் விரலை விட்டு ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்வேன். அக்கா தறியில் உட்கார்ந்தபடியே பார்ப்பாள்.

அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சாப்பாடு போகும். புளியமரத்தடியில் வழக்கம்போல பஸ்ஸை நிறுத்துவார். ஜனங்கள் இறங்கி ஓட்டலுக்குள் போவார்கள். அப்பா மட்டும் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறப்பாராம். குருமா வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறுமாம். இதைக் கண்டக்டர் மாமா வந்து சொன்னார். "பாக்கச் சகிக்கலீங்கக்கா. ரெண்டு வாய் தின்னுட்டு மூடி வெச்சர்றாரு" என்றார். போசி பாதிக்குமேல் அப்படியே திரும்பி வரும். அப்பா கன்னம் ஒட்டிப்போனார். அம்மா அந்தச் சோற்றை மாட்டுக்குக் கொட்டும்போது எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்ப்பாள். சாப்பிடாமல் வண்டி ஓட்டி மயங்கினால் அதுவும் விபத்துதானே.

ஒரு நாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. தலை வாரிவிட்டு, நல்ல பாவாடை கட்டிவிட்டு, வேறொரு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று சொல்லவில்லை. புளியமரத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. அப்பாவின் பஸ் அந்தப் பக்கம் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அம்மா சாலையையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டலுக்குள் நுழைந்தாள். குடும்பப் பெண்கள் தனியாக ஓட்டலுக்குப் போகாத காலம். கோணித் தடுப்புக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்து இட்லியும் குருமாவும் சொன்னாள்.

அம்மா இட்லியைத் தொடவில்லை. குருமாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி தொட்டாள். ஒரு துண்டு வெங்காயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். அடகுக் கடைக்காரர் நகையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் இட்லியை முழுங்கிக்கொண்டிருந்தேன். உப்பும் எண்ணெயுமாக அந்தக் குருமா தொண்டையில் இறங்கியபோது, எனக்கு அப்பாவை நினைத்து அழுகை வந்தது. ஏன் அவர் இதைக் கேட்டுக் கேட்டு ஏங்குகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டல்காரரின் குரல் கேட்டது. எப்படியோ அடையாளம் கண்டுவிட்டார்.

"ஏனுங்கக்கா, நம்ம டிரைவரண்ணன் ஊட்டுல இருந்துங்களா? அண்ணன் எம்மேல கோவமுங்களா? இங்க கையே நனைக்க மாட்டீங்கறாரு."

"கோவமெல்லாம் இல்லீங்ணா. எங்களுக்குத் தபசுகாலமுங்க. ஒரு நேர்த்தி. நான் இங்க வந்ததை அவருகிட்டச் சொல்லீராதீங்க."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே? போன வருசம் இப்படித்தான் ஒரு டிரைவர் மோரு மட்டும் போதும்னாரு. கேட்டா நெஞ்சு வலியாமா. முதலாளிக்குத் தெரிஞ்சு சீட்டக் கிழிச்சுட்டாங்க."

"சீச்சீ. அவருக்கு என்னங்க, கல்லாட்டம் இருக்கறாரு" என்றாள் அம்மா. மேசைக்கு அடியில் அவள் கை என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்பச் சரிங்க. எப்ப முடியுதுங்க நேர்த்தி?"

"பாஸ்கு வரைக்குமுங்க."

"அன்னிக்கு எளங்கறியா எடுத்து நானே கைப்பட வறுத்து வெக்கறனுங்க. அண்ணனை அந்தச் சேர்ல உக்கார வெச்சுத்தான் உடுவேன்."

திரும்புகிற பஸ்ஸில் அம்மா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "தேங்கா கம்மி. பொட்டுக்கடலைதான். வனஸ்பதிய அள்ளிக் கொட்டியிருக்கறான், உப்பையும் கொட்டியிருக்கறான். ஆனா வாசம் அதுல இல்ல. வெங்காயத்தைக் கரிய உட்டிருக்கறான். வாசம் அங்க இருக்குது." பாதி வழியில் எதிரே அப்பாவின் பஸ் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் குனிந்துகொண்டேன். இரண்டு பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின.

அதற்குப் பிறகு எங்கள் அடுப்படி போர்க்களமாகிவிட்டது. சின்ன வெங்காயத்தைத் தோலோடு தணலில் புதைத்துத் தோல் கருகும்வரை சுட்டாள். தக்காளியையும் சுட்டாள். தேங்காயை எண்ணெய் இல்லாமல் சிவக்க வறுத்தாள். வனஸ்பதிக்குப் பதில் ஒரே கரண்டி நல்லெண்ணெய். எல்லாம் சரியாக வந்தும், உப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மிளகை இடித்துப் போட்டுப் பார்த்தாள், உறைத்தது, பள்ளம் அப்படியே இருந்தது. எலுமிச்சை பிழிந்தாள், கசந்தது. நெசவுக்கார அக்காவிடம் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினாள். "ஏங்கண்ணு, இது குருமாவா, ரசமா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

கடைசியில் கைகொடுத்தது மாங்காய். நம் ஊரில் தபசுகாலமும் மாங்காய்க் காலமும் சேர்ந்தே வரும். இறக்குவதற்கு முன்னால் கிளிமூக்கு மாங்காயைத் துருவிப் போட்டு ஒரு கொதி விட்டாள். அதே வாரம், அப்பா ஓட்டலில் விரும்பித் தின்னும் போண்டாவுக்கும் வழி கண்டுபிடித்தாள். எண்ணெயில் போடாமல் பணியாரச் சட்டியில் சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டாள். உப்பில்லாத இட்லி மாவு வெயிலுக்குச் சீக்கிரமே புளித்துப் போகும். முதலில் அதற்காக அழுதவள், பிறகு அந்தப் புளிப்பே நல்லது என்று தோசைக்கு எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அப்பாவுக்கு லீவு. அம்மா தோசையும் புதுக் குருமாவும் வைத்தாள். அப்பா ஒரு விள்ளல் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். அடுத்த விள்ளலை எடுத்தார். சட்டென்று கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இதுல உப்புப் போட்டிருக்கற."

"இல்லீங்க."

"பொய் சொல்லாத. ஓட்டல் குருமா மாதிரியே இருக்குது. உப்பில்லாம இது எப்படி வரும்? எம்மேல பரிதாபப்பட்டு என் நேர்த்தியக் கெடுத்துட்டயா?"

அம்மா ஆசைப்பட்டுக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது, அது வசவாக வந்துவிட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டார். கிண்ணத்தை என் முன்னால் நீட்டினார்.

"நீ சொல்லு சாமி. நீ பொய் சொல்லமாட்ட. இதுல உப்பு இருக்குதா?"

என் கண் முன்னால் டாக்டரின் மேசையும் பாதரசமும் வந்து நின்றன. நான் நக்கிப் பார்த்தேன். "இல்லப்பா. அம்மா மாங்கா போட்டுச்சு" என்றேன். அது சத்தியமான உண்மை. அப்படியும் என் காது சூடாகி அடைத்துக்கொண்டது. அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து தூக்குப்போசி காலியாகத் திரும்பி வந்தது.

அம்மாவுக்கு அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பாஸ்குவுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது. அப்பா பாஸ்குவைப் பற்றியே பேச ஆரம்பித்தார். அன்றைக்குப் பகல் டிரிப்பில் எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய், அதே ஓட்டலில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கறிச்சோறு வாங்கித் தரப்போவதாகச் சொன்னார். "ஓட்டல்காரன் தெனமும் கேக்கறான் புள்ள. கடா ஒண்ணு நிறுத்தி வெச்சிருக்கறானாமா." அம்மா தலையாட்டினாள். அந்த வாரம் அவள் கையிலிருந்து இரண்டு பாத்திரம் விழுந்து நெளிந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா இன்றைக்கே நேர்த்தியை உதறிவிடுவாரோ என்று பயம். சொல்லாவிட்டால் பாஸ்குவோடு எல்லாம் முடிந்தது.

பெரிய வெள்ளியன்று கோயிலில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். அப்பா தொன்னையை வாயருகே கொண்டுபோய், உப்பு போட்டிருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றதும் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சாயங்காலம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அம்மா. அவளுடைய முறை வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தவள், முக்காட்டை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, வெளியே போய்விட்டாள். நான் உள்ளே போய் என் சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அம்மா வெளியே மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏம்மா போகல?"

"இனிமே செய்யமாட்டேன்னு சொல்லோணும் கண்ணு. என்னால சொல்ல முடியாது. நாளைக்கும் செய்வேன்."

இன்றைக்கு ஒரு சாமியாரிடம் இதைச் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார். அன்றைய சாமியார்கூட அப்படித்தான் செய்திருப்பாரோ என்னவோ. அம்மா தன் பொய்க்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். சாமி பேரைச் சொல்லிக் கட்டிய பொய் என்பதால் அது அவளுக்குச் சாவான பாவமாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட பாவத்துக்கு மன்னிப்பு வாங்காமல் நன்மை வாங்கக்கூடாது.

பாஸ்கு பூசைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மணி அடித்தது. நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். பாஸ்கு அன்று நன்மை வாங்காதவர்கள் யார் என்று ஊரே கணக்கு வைத்திருக்கும். நான் எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் பெண்கள் எழுந்து போய்விட்ட வெற்றுத் தரையில், அவள் மட்டும் முழங்காலில் இருந்தாள். பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் மண்டியிட்டு நன்மை வாங்கித் திரும்பிய அப்பா, ஆண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவரை இடித்துவிட்டுப் போனார்.

வழியெல்லாம் அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். பீடியைக்கூடப் பற்றவைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா இலை போட்டாள். விடியலிலேயே எழுந்து ஆட்டுக்கறி சமைத்து வைத்திருந்தாள். சுட்ட வெங்காயம், வறுத்த தேங்காய், மாங்காய், எல்லாம் உண்டு. பண்டிகை இலையில் முதலில் வைக்கவேண்டியது உப்பு. அப்பா இலையின் மூலையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"உப்பு எங்க?"

அம்மா அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

"ஏன் நீ நன்மை எடுக்கல? எனக்குத் தெரியாம அப்படி என்ன பண்ணீட்ட?"

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். குரல் எடுக்காமல் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஆயுசு முழுக்க என்பதைச் சொன்னாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்பதைச் சொல்லும்போது மட்டும் அவள் வாய் கோணியது. "பாஸ்கு வரைக்கும்னு நானாச் சொன்னதுங்க. அப்படிச் சொன்னாத்தான் நீங்க கேப்பீங்க."

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் சாமிக்குன்னு குடுத்தேன். நாக்கச் சுருட்டி வெச்சுக்கிட்டு அந்த மரத்தடியில உக்காந்திருந்தது சாமிக்குன்னு. நீ அத எடுத்து டாக்டருக்குக் குடுத்துட்ட. இப்ப எங்கிட்ட என்ன இருக்குது?"

இலையைத் தொடாமல் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் பகல் எப்படிப் போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நெசவுக்கார அக்கா பண்டிகைப் பலகாரம் கேட்டு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். பண்டிகை நாள் என்று பக்கத்துத் தெருவில் வெடி போட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா வாசலைப் பார்த்தாள். அந்த ஓட்டலில் இளங்கறி வறுபட்டுக்கொண்டிருக்கும். அந்த நாற்காலி காத்துக்கொண்டிருக்கும். கோபத்தில் இருக்கிற மனுஷன் சும்மா இருப்பாரா?

சாயங்காலம் கண்டக்டர் மாமாதான் முதலில் வந்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் இல்லீங்கக்கா, அண்ணன் பின்னாடியே வாராரு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு ஓட்டல்காரர் தடபுடல் பண்ணீட்டாருங்க. அண்ணனும் போயி அவரு சேர்ல உக்காந்தாரு. இலை நெறையக் கறி. கைய வெச்சாரு. வெச்ச கைய எடுக்கவும் இல்ல, பெசையவும் இல்ல. அப்புறம் எந்திரிச்சு, 'மன்னிச்சுக்கோணும், என் நேர்த்தி இன்னும் முடியலீங்க'ன்னு சொல்லீட்டு வண்டிக்கு வந்துட்டாரு. ஏனுங்கக்கா, பாஸ்குதான் இன்னிக்கே வந்துருச்சே?"

அம்மா உள்ளே போய்க் கறியைச் சூடு பண்ணினாள். அப்பா வந்தார், காலையில் போட்ட அதே இலையின் முன்னால் உட்கார்ந்தார், சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் அம்மாவிடம் நேராகப் பேசவில்லை. "உங்கம்மாகிட்டச் சொல்லு, தண்ணி வேணும்னு" என்பார். அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.

உப்பு ஜாடி அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர்கள் வீடு மாறிப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி விழவில்லை. வேலை ஓய்ந்து, பல் விழுந்து, என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேடிக்கை காட்டுகிற வயது வரைக்கும் இருந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அடுத்த வருஷத்து விபூதிப் புதன்.

அதற்குள் இரண்டு பேருக்கும் பேச்சு வந்துவிட்டது, பழைய பேச்சு மட்டும் வரவில்லை. குருமாவைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. தபசுகாலம் நெருங்கியபோது அம்மாவுக்குப் பழைய கலக்கம் வந்துவிட்டது. இந்த வருஷம் எதை விடுவாரோ, போன வருஷத்துக் கோபத்தில் விடுவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று என்னிடம் புலம்பினாள். அப்பா கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தார். அம்மா தோசை வைத்து, குருமாக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அந்தக் கிண்ணத்தைக் கையால் தள்ளினார்.

"இது வேண்டாம். வெறும் கஞ்சி ஊத்து. பாஸ்கு வரைக்கும் இத என் கண்ணுல காட்டாத."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஒரு வருஷம் தணலில் கை சுட்டுக்கொண்டு செய்த குருமா. கிண்ணத்தை எடுத்துக்கொண்டே, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, அவ்வளவு மோசமாவுங்களா இருக்குது?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் அவளை அப்படி நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மோசமா இருக்கறத ஆராச்சும் சாமிக்குக் குடுப்பாங்களா புள்ள?"